2000-களில் 500 கேன் தண்ணீர் 25 ரூபாய்! குழாய்த் தண்ணீர் 'சீப்'பாக கிடைப்பது எப்படி?

சென்னை:

ஒரு கேன் தண்ணீர் வாங்க 30, 40 ரூபாயை யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் மெட்ரோவாட்டர் பில் வந்தால் மட்டும், 'என்னப்பா இவ்வளவு போட்டிருக்கான்?' என்று முணுமுணுக்கிறோம். உண்மையில் குழாய்த் தண்ணீருக்கு நாம் கொடுப்பது ரொம்பக் கம்மி. அப்போ மிச்சப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்?

2000-களில் இருந்த கட்டணத்தைப் பாருங்கள். மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் முதல் 10 ஆயிரம் லிட்டர் வரை, ஆயிரம் லிட்டருக்கு 2 ரூபாய் 50 காசுதான். 10 ஆயிரம் லிட்டர் என்றால் 500 கேன். அதற்கு மொத்தமே 25 ரூபாய்! மீட்டர் இல்லாத வீடுகளுக்கு மாதம் 50 ரூபாய். அதன்பிறகு கட்டணம் படிப்படியாக ஏறிவிட்டது. ஆனால் கணக்குப் போடும் முறை மாறவில்லை.

கூட செலவழித்தால் கூட காசு

இந்த முறைக்குப் பெயர் 'தட்டு' கட்டணம். அதே 2000-களின் கணக்குப்படி 10 ஆயிரம் லிட்டரைத் தாண்டினால் ஆயிரம் லிட்டருக்கு 10 ரூபாய். 15 ஆயிரத்தைத் தாண்டினால் 15 ரூபாய். 25 ஆயிரத்துக்கு மேல் 25 ரூபாய்.

ஒரு வீட்டில் மாதம் 20 ஆயிரம் லிட்டர் ஓடினால், முதல் 10 ஆயிரத்துக்கு 25, அடுத்த 5 ஆயிரத்துக்கு 50, கடைசி 5 ஆயிரத்துக்கு 75. ஆக மொத்தம் 150 ரூபாய். செலவு ரெண்டு மடங்கு, பில் ஆறு மடங்கு! குடிக்க, சமைக்க, குளிக்கத் தேவையான தண்ணீர் மலிவு. காரைக் கழுவி, தோட்டத்துக்குப் பாய்ச்சினால் பர்ஸ் பழுத்துவிடும்.

கடை, ஓட்டல், கம்பெனிகளுக்கு வீட்டைவிட அதிக கட்டணம். அந்தப் பணம் வீட்டு பில்லைத் தாங்குகிறது.

வீட்டு மதிப்புக்கு ஏற்ற வரி

இன்னொரு வழி, குடிநீர் - கழிவுநீர் வரி. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் இந்த வரி. ஆண்டு மதிப்பு 20 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 1,400. அரையாண்டுக்கு 700 கட்டினால் போதும். பங்களாக்காரர் அதிகம் கட்டுவார், சின்ன ஓட்டு வீட்டுக்காரர் கொஞ்சம் கட்டுவார்.

சாக்கடையும் காசாகிறது

செலவைக் குறைக்கவும் வாரியம் வழி வைத்திருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரில் இருந்து வரும் வாயுவை வைத்தே மின்சாரம் எடுக்கிறார்கள். கரண்ட் பில் மிச்சம். 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் ஆலைகள் திறக்கப்பட்டன. கழிவுநீரை நன்றாக சுத்தம் செய்து மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். கம்பெனிக்குப் போக வேண்டிய ஏரித் தண்ணீர் நமக்கு மிச்சம்.

ஆனால் கணக்கு இடிக்குது

செங்குன்றத்தில் இருந்து கீழ்ப்பாக்கத்துக்கு தண்ணீர் மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடிவரும்படி 1914-லேயே வழி செய்துவிட்டார்கள். மோட்டார் செலவு இல்லை. 2004-ல் வந்த வீராணம் தண்ணீர் அப்படி இல்லை. 200 கிலோ மீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவர வேண்டும், அதில் ஒரு பகுதிக்கு பம்ப் அடிக்க வேண்டும்.

கடல் தண்ணீர் இன்னும் காஸ்ட்லி. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த ஆலையில், ஒப்பந்தப்படி ஆரம்ப விலையே ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. நாம் கட்டிய இரண்டரை ரூபாயைப் போல கிட்டத்தட்ட 20 மடங்கு! இந்தப் பள்ளத்தை அரசுப் பணம்தான், அதாவது நம்ம வரிப்பணம்தான் நிரப்புகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த மலிவு விலை எல்லாம் குழாய் உள்ள வீட்டுக்குத்தான். இணைப்பு இல்லாதவர் தனியார் லாரிக்கும் கேனுக்கும் பல மடங்கு கொடுக்கிறார். ஏழைக்குத் தண்ணீர் மலிவாகக் கிடைக்க வேண்டுமானால், கட்டணத்தை ஏற்றாமல் இருந்தால் மட்டும் போதாது. முதலில் அவர் வீட்டு வாசலுக்குக் குழாய் போக வேண்டும்.

தெருவில் குழாய் உடைந்து வீணாக ஓடும் தண்ணீருக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். பார்த்தால் சும்மா போகாதீங்க. வாரியத்தின் 044-4567 4567 எண்ணுக்கு ஒரு போன் போடுங்க!