மூன்று புள்ளிகள்

முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வருபவன் நான். பள்ளிக்கூடம் என்னும் நிறுவனத்தில் எனக்குள்ள நம்பிக்கை, ஒரு கமக்காரனுக்கு நிலத்தில் உள்ள நம்பிக்கையை ஒத்தது. ஆதலின், அமெரிக்காவில் வாழும் என் தங்கை 2020 ஆம் ஆண்டில் தன் ஒரே மகளைப் பள்ளியினின்றும் நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கப் போவதாக எழுதியபோது, யான் மகிழ்ந்தேன் அல்லேன். பெருந்தொற்றுக் காலத்திற் பள்ளிகள் மூடப்பட்டமை தற்காலிகமான இடர். அதன் பொருட்டு ஒரு பிள்ளையைப் பள்ளியினின்றும் பிரிப்பதா என்று கடிந்து பதில் எழுதினேன். தங்கை விடையாக ஒரே வாக்கியம் எழுதினாள்: "அப்படியெண்டால் தமிழை நீங்கள் படிப்பியுங்கோ, அண்ணா."

அவ்வாறே மாமனும் மருமகளும் ஆசிரியனும் மாணவியும் ஆனோம். 2021 முதல் நான்கு ஆண்டுகள், சனிக்கிழமை தோறும் மாலை 7 மணிக்கு நான் கணினியின் முன் அமர்வேன். அப்போது அவர்களுக்குக் காலை 9.30 மணி. மாரியில் அந்நாட்டார் கடிகாரத்தைப் பின்வைத்த பின்னர் 8.30 ஆகும், அந்த மாதங்களில் என் மருமகள் தூக்கக் கலக்கத்தோடு புணர்ச்சி விதி படித்தாள். என்னிடம் ஏட்டுத் தமிழும் தாயிடம் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழும் கற்றமையால், அவள் பேச்சு இரண்டும் கலந்த ஒரு விநோதமான தமிழாக அமைந்தது.

அந்நாட்டில் வீட்டுக் கல்வி என்பது யாது என்பதை இங்கு சிறிது விளக்குதல் வேண்டும். நம்மவர் பலர் கருதுவதுபோல அது பள்ளிக்குப் போகாமல் திரிவதன்று. ஐக்கிய அமெரிக்காவிற் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ரெக்சாஸ் மாநிலத்தில் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. என் தங்கை வாழும் பென்சில்வேனியாவிலோ 1988 ஆம் ஆண்டுச் சட்டம் மிக நுணுக்கமானது. பெற்றோர் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 ஆந் திகதிக்குள் பாடசாலை வட்டாரத்துக்குச் சத்தியக் கடதாசி கொடுத்தல் வேண்டும். இடைநிலை வகுப்புகளுக்கு ஆண்டில் 180 நாள் அல்லது 990 மணி நேரம் கற்பித்தல் வேண்டும். படித்த நூல்களைக் குறித்த தினக்குறிப்பும் பிள்ளையின் எழுத்து வேலைகளும் அடங்கிய கோவை ஒன்றைப் பேணுதல் வேண்டும். ஆண்டு முடிவில் தகுதியுடைய மதிப்பீட்டாளர் ஒருவர் அக்கோவையைப் பார்வையிட்டுப் பிள்ளையோடும் உரையாடி, தக்க கல்வி நடைபெற்றது என ஜூன் 30 ஆந் திகதிக்குள் சான்று பகர்தல் வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்ததாகக் கொள்வதற்கு ஆங்கிலம் நான்கு ஆண்டும், கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி என்பன மும்மூன்று ஆண்டும், கலையும் மானுடவியலும் இரண்டு ஆண்டும் கற்றிருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், தாயோ தந்தையோ ஒப்பமிட்டு மதிப்பீட்டாளரும் ஒப்பமிடும் அத்தாட்சிப் பத்திரத்தை அரசு ஏற்கின்றது. தாயே ஆசிரியை, தாயே அதிபர், தாயே பரீட்சகர். இவ்விடத்திலேதான் எங்கள் சிக்கல் பிறந்தது.

2024 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மகள் இறுதி ஆண்டிற் படிக்கின்றாள். பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்துவிட்டது. பாடங்களையும் புள்ளிகளையும் கொண்ட பட்டியலைப் பள்ளி அனுப்புதல் வழக்கம். இங்கு பள்ளி என்பது சாப்பாட்டு மேசையாதலால், பட்டியலைத் தாயே எழுதுகின்றாள். எல்லாப் பாடத்துக்கும் 'ஏ' தரம் இட்டாயிற்று. தமிழுக்கு மட்டும் நான் தரவேண்டும். அதனோடு ஒரு நற்சான்றுக் கடிதமும் எழுதவேண்டும்.

பரீட்சை வையாமற் புள்ளி தரும் வழக்கம் எனக்கில்லை. மூன்று மணி நேர வினாத்தாள் ஒன்று தயாரித்து அனுப்பினேன். தங்கை மேற்பார்வை செய்தாள். மருமகள் கையால் எழுதிய விடைத்தாள் படமாக எனக்கு வந்தது. இலக்கணம் 30 இற்கு 24. செய்யுட் பொருள் விளக்கம் 30 இற்கு 26. கட்டுரை 40 இற்கு 22. மொத்தம் 72. கட்டுரையின் தலைப்பு 'என் வீடு' என்பது. லகர ளகர மயக்கங்களும் ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதிய வாக்கியங்களும் அதில் மலிந்திருந்தன. வழக்கம்போலச் சிவப்பு மையாற் சுழித்துச் சுழித்துக் குறைத்தேன்.

நம் நாட்டுப் பொதுப் பரீட்சைகளில் 75 புள்ளி பெற்றார்க்கு 'ஏ' தரம். 65 முதல் 74 வரை 'பி' தரம். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றிலோ 90 பெற்றார்க்கே 'ஏ'. எந்த அளவுகோல் கொண்டு பார்ப்பினும் 72 என்பது 'ஏ' ஆகாது. தங்கை கணக்கறிந்தவள். "மூண்டு புள்ளிதானே அண்ணா! உங்கடை மருமகளுக்கு நீங்களே குறைச்சுப் போட்டால், வேறை ஆர் கூட்டிப் போடப் போகினம்?" என்றாள். அவள் குரலில் இருந்தது பேராசை அன்று. மகளுக்காக உத்தியோகத்தை விட்டு, நான்கு ஆண்டு இரவு பகலாகப் பாடம் ஆயத்தஞ் செய்த ஒருத்தியின் களைப்பு அது. நான் இரண்டு நாள் மறுமொழி சொல்லாதிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. பாடம் தொடங்குமுன் மருமகள் தானாகவே சொன்னாள்: "மாமா, அம்மா கேட்டது எனக்குத் தெரியும். எல்லாப் புள்ளியும் அம்மா போட்டவை. வாசிக்கிற ஆட்கள் நம்புவார்களோ தெரியாது. ஒரு புள்ளியாவது வேறொருவர் போட்டதாக இருக்கட்டும்."

பதினேழு வயதுப் பெண் பேசிய பேச்சு இது. வீட்டிற் கற்கும் பிள்ளைகள் எஸ்.ஏ.ரி. போன்ற பொதுத் தேர்வுகளைப் பெரிதும் மதிப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. தாயின் கையெழுத்துக்கு வெளியே தம்மை அளக்கும் ஒரு கோல் அவர்களுக்கு வேண்டியிருக்கின்றது. அவளும் அத்தேர்வை ஒரு சனிக்கிழமை, முன்பின் அறியாத பள்ளி ஒன்றில், முன்பின் அறியாத மாணவரிடையே அமர்ந்து எழுதியிருந்தாள். அத்தேர்வில் தமிழ் இல்லை. அந்தக் கோல் நானேயாகின், அது நேராக இருத்தல் வேண்டும்.

கடிதம் எழுதினேன். 72 என்பதை 72 என்றே எழுதி, எங்கள் நாட்டு அளவிற் 'பி' என்றும், தங்கள் நாட்டு அளவு வேறாகலாம் என்றும் குறித்தேன். அவள் கற்ற நூல்கள் இவை, பிழையின்றி வாசிப்பாள், செய்யுளின் பொருளைத் தானே கண்டு உரைப்பாள், எழுத்தில் மட்டும் இன்னும் பயிற்சி வேண்டும் என்று உள்ளதை உள்ளவாறே உரைத்தேன். தங்கை பட்டியலில் 'பி' என்று எழுதினாள். பின்னர் இரண்டு வாரம் அவள் முகம் கணினித் திரையிற் படவில்லை.

அக்கடிதத்தை எழுதும்போது உ. வே. சாமிநாதையரை எண்ணினேன். பட்டமோ பரீட்சைச் சான்றோ இல்லாத அவர், 1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியார் அவரைப் பரிந்துரைத்தார். கல்லூரியார் சோதித்துப் பார்த்து ஏற்றனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டமையே அவருடைய சான்றிதழ். பள்ளிக்கு வெளியே கற்றவருக்கு ஒரு நேர்மையான சொல் எவ்வளவு பெரிய துணை என்பதை நம் வரலாறே காட்டுகின்றது. பரிந்துரைத்தவர் பொய் சொல்லாதவர் என்ற நம்பிக்கை இருந்தாலன்றோ அச்சொல் பயன்படும்!

நிற்க. 2025 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் மூன்று வாரம் அவர்களுடன் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அவர்கள் ஊர் லங்காஸ்டர் பிரதேசத்தை அடுத்தது. தெருவில் மோட்டார் வண்டிகளுக்கிடையே ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் ஓடுவதைக் கண்டேன். எட்டாம் வகுப்புக்கு மேல் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு அவர்களை வற்புறுத்தல் ஆகாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1972 இல் தீர்ப்பளித்தது. பிள்ளையின் கல்வியில் அரசுக்கு எவ்வளவு உரிமை, பெற்றோருக்கு எவ்வளவு உரிமை என்ற வழக்கு அந்நாட்டில் நெடுநாளாக நடப்பது. 2020 இன் இளவேனிலில், பள்ளிப் பருவப் பிள்ளைகளையுடைய குடும்பங்களில் நூற்றுக்கு 5 அளவினவே வீட்டுக் கல்வியை மேற்கொண்டன என்றும், அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அது 11 அளவாயிற்று என்றும் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் கணித்தது. என் தங்கையும் அவர்களுள் ஒருத்தி.

காலை எட்டரைக்கு மேசையிற் புத்தகங்கள் விரியும். மதியம் வரை கணிதமும் உயிரியலும். பிற்பகலில் நூலகத்தில் ஊதியமின்றி உதவி. பென்சில்வேனியாவில் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டிற் கற்பவரும் அரசாங்கப் பள்ளியின் விளையாட்டுக் குழுக்களிற் சேரலாம். மருமகள் ஓட்டக் குழுவில் இருந்தாள். ஒரு மாலை நானும் தங்கையும் அவளை அழைத்துவரச் சென்றோம். பயிற்சி முடிந்ததும் மற்றப் பெண்கள் பிரிவு விழாவுக்கு உடுத்தும் ஆடை பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு பள்ளிக் கட்டடத்துள் நுழைந்தனர். இவள் மட்டும் வாயில் வரை அவர்களோடு வந்து, கையசைத்துவிட்டு எங்கள் வண்டியை நோக்கித் திரும்பினாள். அவள் முகத்தில் துயரம் இல்லை. பழகிப்போன ஓர் அமைதி இருந்தது. அதுவே என்னை வருத்திற்று.

வீட்டில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளை ஏற்றிருந்தன. ஒன்று வீட்டிலிருந்தே போய்வரத் தக்கது. மற்றையது ஐந்து மணி நேரப் பயணத்தில் உள்ளது. அங்கு விடுதியில் தங்கவேண்டும். மே 1 ஆந் திகதிக்குள் முடிவு அறிவித்தல் வேண்டும். அண்மையில் உள்ளதே நல்லது என்பது தாயின் முடிவு. மகள் மறுத்துப் பேசவில்லை, இசையவும் இல்லை.

மதிப்பீட்டாளருக்குக் காட்டவேண்டிய கோவையை ஒழுங்குசெய்ய ஓர் இரவு தங்கைக்கு உதவினேன். அதனுள் அந்தத் தமிழ் விடைத்தாளும் இருந்தது. ஆறு மாதத்தின் பின், சிவப்புப் பேனா கையில் இல்லாமல் அதனை வாசித்தேன். கட்டுரையின் இறுதிப் பகுதியில் அவள் எழுதியிருந்தாள்: பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள், எனக்குப் பள்ளி விட்டாலும் வீடு விடுவதில்லை, அம்மாவை நான் மிக நேசிக்கிறேன், ஆனால் அம்மாவிடம் போய் 'இன்று பள்ளியில் என்ன நடந்தது தெரியுமா' என்று சொல்ல எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

'விடுவதில்லை' என்னும் சொல்லை ளகரம் இட்டு எழுதியிருந்தாள். நான் அந்த எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். அரைப் புள்ளி குறைத்திருந்தேன். அவ்வாக்கியம் சொன்னதை நான் வாசிக்கவே இல்லை!

தாளைத் தங்கையிடம் நீட்டினேன். "இதை வாசிச்சனியோ?" என்றேன். "72 ஐத்தான் பார்த்தனான்" என்றாள். பின்னர் வாசித்தாள், இரண்டாம் முறையும் வாசித்தாள். நெடுநேரம் பேசவில்லை. "இவ்வளவு நாளும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள் இறுதியில். "உனக்குச் சொல்ல முடியாததாலைதான் தமிழிலை எழுதி எனக்குச் சொன்னவள். நானும் கேக்கேல்லை" என்றேன்.

மறுநாட் காலை மேசையிற் கணிதப் புத்தகம் விரியவில்லை. தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினர். என்ன பேசினர் என்பதை நான் வினவினேன் அல்லேன். அந்த வாரமே தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு இசைவுக் கடிதம் போயிற்று.

ஜூன் மாதத்திற் பட்டமளிப்பு நடந்தது. வீட்டிற் கற்ற பிள்ளைகளின் குடும்பங்கள் சில கூடி ஒரு மண்டபத்தை வாடகைக்கு அமர்த்தியிருந்தன. அங்கே பிற்பகல் 2 மணி. இங்கே இரவு 11.30. கணினித் திரையிற் கண்டேன். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தனர். அத்தாட்சிப் பத்திரத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெற்றோரே வழங்கினர். என் தங்கை பத்திரத்தைக் கொடுத்துவிட்டு மகளின் கையை விடாது பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த பிள்ளையின் பெயரை அழைத்த பின்னரே விட்டாள்.

வீட்டுக் கல்வி நன்றோ தீதோ என்று தீர்ப்புக் கூற நான் இதனை எழுதவில்லை. பள்ளியில் இன்றும் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆயினும், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எத்தனை வாக்கியங்களைச் சிவப்பு வட்டமிட்டுக் கடந்து வந்தேனோ என்ற ஐயம் இப்போது என்னை விடுவதில்லை. 72 என்ற புள்ளியை நான் மாற்றவில்லை. மாற்றுவதை மருமகளும் விரும்பாள். என் வழக்கத்தையே மாற்றிக்கொண்டேன். இப்போது கட்டுரைத் தாள்களை இரண்டு முறை வாசிக்கின்றேன். முதன்முறை வாசிக்கும்போது பேனாவை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுகின்றேன். ஆசிரியத் தொழில் புரியும் அன்பர்கள் இதனை ஒருமுறை செய்து பார்ப்பார்களாக.