ரூபாய்க்கு உருவம் கொடுத்த தமிழர்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் மாலை ரயில் வந்து நிற்கிறது. வேலை முடிந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் காய்கறி வாங்குகிறார்கள்.

தக்காளிக் கூடையில் ஒரு விலை அட்டை. அதில் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னம்: ₹.

மேலே இரண்டு கோடு. ஒரு வளைவு. கீழே ஒரு சாய்வு. அவ்வளவுதான்! கடைக்காரர் அதை ஒரு நொடியில் எழுதி விடுகிறார்.

அந்தச் சின்னத்தை முதன்முதலில் வரைந்தவர் யார்? ஒரு தமிழர்! அவர் பெயர் டி. உதயகுமார்.

எம்.எல்.ஏ. மகன்

உதயகுமார் 1978-ம் ஆண்டு கள்ளக்குறிச்சியில் பிறந்தார். தந்தை ந. தர்மலிங்கம். 1971-ம் ஆண்டு ரிஷிவந்தியம் தொகுதியில் தி.மு.க. சார்பில் வெற்றி பெற்று, சட்டசபை உறுப்பினராக இருந்தவர்.

மகன் அரசியலுக்குப் போகவில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டிடக் கலை படித்தார். 2001-ல் பட்டம் பெற்றார்.

பிறகு பம்பாய் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக் கொண்ட படிப்பு புதுமையானது. எழுத்து, படம், வண்ணம் ஆகியவற்றால் ஒரு விஷயத்தை மக்களுக்கு விளங்க வைக்கும் கலை அது. இந்தத் தொழில் செய்பவரை "கிராபிக் டிசைனர்" என்பார்கள்.

ஜப்பானில் இந்தக் கலைக்குப் பெரிய மதிப்பு உண்டு. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதற்கு யூசாகு காமேகுரா என்பவர் சின்னம் வரைந்தார். ஒரு சிவப்பு வட்டம். அதன் கீழே ஐந்து தங்க நிற வளையங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது உதய சூரியன் என்று புரிந்தது.

தமிழ் எழுத்தில் ஆராய்ச்சி

உதயகுமார் மனதைக் கவர்ந்தது தமிழ் எழுத்து. அச்சில் தமிழ் எழுத்துக்கள் எப்படி உருவம் பெற்றன என்று ஆராய்ந்தார். "பராசக்தி" என்ற பெயரில் புதிய தமிழ் எழுத்து வடிவம் ஒன்றையும் அமைத்தார்.

சுழி எங்கே தொடங்குகிறது? வளைவு எங்கே முடிகிறது? கோட்டின் தடிமன் எவ்வளவு? பல ஆண்டுகள் அவருக்கு இதுவே வேலை.

3 ஆயிரம் பேர் போட்டி

டாலருக்குச் சின்னம் உண்டு. பவுனுக்கு உண்டு. ஜப்பானின் யென்னுக்கும் உண்டு. நம் ரூபாய்க்கு இல்லை! ஆங்கிலத்தில் "ஆர்.எஸ்." என்று எழுதினார்கள். பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளும் தங்கள் ரூபாயை அப்படியே எழுதின. எது எந்த நாட்டு ரூபாய்?

2009-ல் மத்திய சர்க்கார் ஒரு போட்டி அறிவித்தது. 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் வந்து குவிந்தன. ஐந்து மட்டும் கடைசிச் சுற்றுக்குத் தேறின. அதில் ஒன்று உதயகுமாருடையது.

அவர் செய்த யுக்தி எளிமையானது. ஆங்கில "ஆர்" எழுத்தின் நேர்க்கோட்டை எடுத்து விட்டார். மிஞ்சியது தேவநாகரியின் "ர" போலவே இருந்தது! மேலே இரண்டு கோடுகளை இழுத்தார். நடுவில் வெள்ளை இடம் விட்டார். அது மூவர்ணக் கொடியை நினைவூட்டியது.

ஒரே உருவம். வெளிநாட்டாருக்கு அது "ஆர்". வடநாட்டாருக்கு அது "ர".

பரிசு இரண்டரை லட்சம்

2010 ஜூலை 15-ந் தேதி மத்திய மந்திரிசபை முடிவை அறிவித்தது. உதயகுமாருக்கு வெற்றி! பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அசாம் மாநிலம் கவுஹாத்தி ஐ.ஐ.டி.யில் ஆசிரியர் வேலை ஏற்கும் தறுவாயில் அவருக்கு இந்தச் செய்தி கிடைத்தது.

2011-ல் நாணயத்தில் சின்னம் ஏறியது. 2012-ல் நோட்டில் ஏறியது. கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் இடம் பிடித்தது.

மீண்டும் ஒரு பேச்சு

2025 மார்ச் மாதம் தமிழ்நாட்டு பட்ஜெட்டுக்கு ஒரு முத்திரைப் படம் வெளியிடப்பட்டது. அதில் இந்தச் சின்னம் இல்லை. தமிழ் "ரூ" இருந்தது. நாடெங்கும் வாதம் கிளம்பியது.

நிருபர்கள் உதயகுமாரிடம் ஓடினார்கள். அவர் கோபப்படவில்லை. அது மாநில அரசின் விருப்பம், தான் சொல்ல ஒன்றும் இல்லை என்று கூறிவிட்டார்.

தமிழ் எழுத்தை ஆராய்ந்தவர் அவர். "ரூ"வின் சுழியும் அவருக்குத் தெரிந்ததுதான். ஓர் எழுத்து மாறியதும் ஏன் இத்தனை பேச்சு? எழுத்து வெறும் கோடு அல்ல. மக்கள் அதைத் தங்கள் சொந்தம் என்று நினைக்கிறார்கள்.

நெமிலிச்சேரிக் கடையில் இரண்டும் உண்டு. ஒரு அட்டையில் "ரூ". பக்கத்துக் கூடையில் ₹. வாங்குகிறவருக்கு இரண்டும் புரிகிறது. பேரம் மட்டும் குறையவில்லை!

அடுத்த முறை காய்கறி வாங்கும்போது பிள்ளைகளுக்கு அந்தச் சின்னத்தைக் காட்டுங்கள். கள்ளக்குறிச்சியில் பிறந்த ஒருவர் கையில் உருவானது என்று சொல்லுங்கள்.