லினக்ஸ் சர்வர்: எந்த வழியில் ஏற்றுவது?

நண்பர்களே, நம்ம லேப் மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் இருக்கா? அதைச் சர்வராக மாற்றி, பாடக் குறிப்புகளை ஒரே இடத்தில் வைக்கலாம் என்றார் சார். பொறுப்பு என் தலையில் விழுந்தது. டெபியன் லினக்ஸ் போடுவதாக முடிவு. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கம்ப்யூட்டருக்கு இன்ஸ்டாலரே தருவதில்லை. நல்லவேளை, நம்முடையது 64 பிட்!

சரி, எப்படி ஏற்றுவது? 'நெட்இன்ஸ்ட்' என்று ஒன்று உண்டு. ஒரு ஜிபிக்கும் குறைவான ஃபைல். அடிப்படை மட்டும் அதில் இருக்கும். மீதியை ஏற்றும்போதே இன்டர்நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். அதனால் எல்லாமே புதுசாக வரும். சின்னதுதானே என்று ஆசையாக இதைத்தான் எடுத்தேன். நம்ம லேப் நெட் பற்றித்தான் உங்களுக்கே தெரியுமே! பாதியில் புட்டுக்கிச்சு. மூன்று நாள் மதிய இடைவேளை வீண்.

பிறகுதான் டிவிடி ஃபைலுக்கு மாறினேன். கிட்டத்தட்ட 4 ஜிபி. நெட் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கி, பென்டிரைவில் கொண்டு வந்துவிட்டால் போதும், நெட்டே வேண்டாம். ஆனால் ஐஎஸ்ஓ ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. விண்டோஸில் 'ரூஃபஸ்', லினக்ஸில் 'டிடி' கட்டளை வைத்து எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். (டூர் போட்டோ எங்கேன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். மன்னிச்சிடுங்க!) இறக்கிய ஃபைல் சரியானதா என்று பார்க்க, டெபியன் தளத்திலேயே 128 எழுத்துள்ள ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபைல் வேண்டாம்.

பென்டிரைவே இல்லாமல், நெட்வொர்க் கார்டு வழியாக ஏற்றும் 'பிஎக்ஸ்இ' முறையும் உண்டு. இருபது மெஷினுக்கு ஒரே நேரத்தில் போட அருமையான வழி. ஒரே ஒரு மெஷினுக்காக அதற்கென்று தனியாக இன்னொரு சர்வரைத் தயார் செய்வதா? கொசுவை அடிக்க உலக்கையா!

கடைசியில் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு, 'எஸ்எஸ்ஹெச் சர்வர்' மட்டும் டிக் செய்தேன். திரையில் படம் காட்டும் வேலை சர்வருக்கு எதற்கு? மெமரி மிச்சம்.

டிவிடியில் இருப்பது அது வெளிவந்த அன்றைய சரக்கு. அதனால் பாதுகாப்புத் திருத்தங்களைத் தனியாகப் போட வேண்டும். நெட் ஒழுங்காக வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். லேப் சாவி சாரிடம் இருக்கிறது, வந்து பாருங்கள்.