சாயாத பாறையும் சாயக்கூடாத வண்டியும்!

மாமல்லபுரம் சுற்றுலா போனால் எல்லோரும் தவறாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. 'வெண்ணெய் உருண்டை' பாறைக்குக் கீழே நின்று, அதை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு போட்டோ! சுமார் 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் கொண்ட பாறை, சரிவின் மேல் ஹாயாக உட்கார்ந்திருக்கிறது. 1908-ம் ஆண்டு சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் லாலி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம். அது அசைந்து கொடுக்கவில்லையாம். இப்படி ஒரு கதையை அங்கே சொல்வார்கள்.

அது ஏன் உருளவில்லை? எந்தப் பொருளுக்கும் ஈர்ப்பு மையம் என்று ஓர் இடம் உண்டு. அதன் மொத்த எடையும் அந்தப் புள்ளியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், பொருள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிக்குள் அது விழ வேண்டும். விழுந்தால் பொருள் நிற்கும். கோடு வெளியே போனால்... தொபுக்கடீர்! வெண்ணெய் உருண்டைக்குக் கோடு உள்ளேயே விழுகிறது. வழுக்காமல் உராய்வு பிடித்துக்கொள்கிறது.

அதே ஊரில் பல்லவர்கள் செதுக்கிய ஐந்து ரதங்களும் இருக்கின்றன. பெயர்தான் ரதம், உருண்டு ஓடும் வேலை கிடையாது. அதனால் கவிழும் பயமும் இல்லை. நிஜமாகவே சக்கரம் பூட்டி, மேலே கனத்தை ஏற்றி, ஒருவர் தள்ளவும் ஆரம்பித்தால்தான் வம்பு!

சக்கர வண்டிகள் நிறைய ஓடும் இடம் எது சொல்லுங்கள்? ஆஸ்பத்திரி! 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில் மானிட்டர் வண்டி, ஸ்கேன் வண்டி, நோயாளியின் படுக்கைக்கே வரும் எக்ஸ்ரே மெஷின் என்று நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். எக்ஸ்ரே மெஷின்களில் சில 400 கிலோவுக்கும் மேல் கனக்கும். அது நோயாளி மீது சாய்ந்தால் என்ன ஆகும்?

அதற்காகத்தான் ஒரு கண்டிப்பான பரீட்சை வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் உள்ள சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் எழுதிய விதி இது, எண் 60601. முதலில் வெளியானது 1977-ல். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதை ஐ.எஸ். 13450 என்ற எண்ணில் ஏற்றுக்கொண்டுள்ளது.

முதல் கேள்வி, சரிவு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிப் போகும் நிலையில் வண்டியை 10 டிகிரி சாய்ப்பார்கள். கவிழக் கூடாது. நிறுத்தி வேலை செய்யும் நிலையில் 5 டிகிரி. இதில் ஒரு குறும்பு இருக்கிறது. சக்கரங்களை நல்லபடியாகத் திருப்பி வைத்துச் சோதிக்க மாட்டார்கள். எப்படி வைத்தால் சீக்கிரம் கவிழுமோ அப்படித்தான் வைப்பார்கள்!

அடுத்து, தள்ளுதல். வண்டியின் எடையில் 15 சதவீத விசையால் பக்கவாட்டில் தள்ளுவார்கள். அதிகபட்சம் 150 நியூட்டன், அதாவது சுமார் 15 கிலோவைத் தூக்கத் தேவைப்படும் விசை. தெரியாமல் யாராவது வந்து சாய்ந்து நின்றால்கூட வண்டி நிற்க வேண்டுமே! இதில் தேறாத மெஷினில் எச்சரிக்கைப் படம் ஒட்ட வேண்டும். ஒருவர் தள்ளுவதுபோல் வரைந்து, சிவப்பு வட்டம் போட்டு, குறுக்கே கோடு இழுத்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தரையில் 10 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு தடை. வண்டி அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர்தானே, இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? ஈ.சி.ஆர். சாலையில் பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோம் இல்லையா, அதே கதைதான். சின்னச் சக்கரம் தடையில் முட்டி நின்றுவிடும். வண்டியின் மேல்பகுதியோ போய்க்கொண்டே இருக்கும்! கடற்கரைப் பக்கம் வரும் தள்ளுவண்டிகளுக்கு ஏன் பெரிய சைக்கிள் சக்கரம் என்று இப்போது புரிகிறதா? பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் சுலபமாகத் தாண்டிவிடும்.

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டின் கால்களை எண்ணியிருக்கிறீர்களா? பெரும்பாலும் ஐந்து இருக்கும். ஒவ்வொரு காலும் 30 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். கால் நுனிகளைக் கோட்டால் இணையுங்கள். நடுவிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரம்? மூன்று கால் என்றால் 15 செ.மீ. நான்கு கால் என்றால் 21. ஐந்து கால் என்றால் 24! ஸ்டாண்ட் கவிழ வேண்டுமானால் ஈர்ப்பு மையக் கோடு அந்தத் தூரத்தைத் தாண்டியாக வேண்டும். ஆபீஸ் சுழல் நாற்காலிக்கு ஐந்து கால் வைப்பதும் இதனால்தான்.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. அந்தக் காலத்து டி.வி. பெட்டி பயங்கர கனம். அமெரிக்கப் பள்ளிகளில் அதை உயரமான வண்டியில் வைத்து வகுப்புக்கு வகுப்பு தள்ளிப் போவார்கள். சில ஊர்களில் அந்த வண்டி கவிழ்ந்து சிறுவர், சிறுமியர் இறந்தே போனார்கள். பிறகுதான் அந்த வண்டிகளுக்கென்றே தனி விதி வந்தது. இப்போது நம் வகுப்புகளுக்கும் சக்கர ஸ்டாண்டில் பெரிய திரைகள் வருகின்றன. அதைத் தள்ளும் வேலையைப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள்.

நம் ஊர்த் தேரிலும் இதே அறிவியல் இருக்கிறது. அலங்கரித்தால் 96 அடி உயரம் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். கனமான மரவேலை எல்லாம் அடியில். மேலே உயர்ந்து நிற்பது மூங்கிலும் துணியும்தான்! சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் இருக்க, திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது. ஆனால் தருமபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் 2022 ஜூன் மாதம் தேர் கவிழ்ந்து இருவர் இறந்தனர்.

வீட்டிலேயே நீங்களும் ஒரு பரீட்சை வைக்கலாம். 30 செ.மீ. ஸ்கேலின் ஒரு முனையை 5.2 செ.மீ. தூக்குங்கள். இதுதான் 10 டிகிரி, 2.6 செ.மீ. தூக்கினால் 5 டிகிரி. காலித் தீப்பெட்டிக்குள் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒரு நுனியில் டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்டியை ஸ்கேலின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். வழுக்காமல் இருக்க, ஸ்கேலில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றி அதற்கு முட்டுக் கொடுங்கள். நாணயம் அடியில் இருக்கும்போது எவ்வளவு தூக்கினால் பெட்டி கவிழ்கிறது? தலைகீழாகத் திருப்பி, நாணயம் மேலே வந்தால்? இரண்டையும் அளந்து நோட்டில் குறித்து வையுங்கள்.