ஒரே கதவின் இருபுறம்

சங்ககிரி துர்க்கத்தின் மேலே ஏறி நின்று நோக்குவோர்க்குத் தெற்கே அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியிருக்கும் திருச்செங்கோட்டு மலை தெரியும். காவிரியைத் தாண்டினால் ஈரோடு. சென்ற நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஆஸ்திகத்துக்கும் நாஸ்திகத்துக்கும் தலைசிறந்த பிரதிநிதிகளாக விளங்கிய இருவரும் இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே, அதுவும் 1925ஆம் ஆண்டிலேயே, தத்தம் காரியங்களைத் தொடங்கினார்கள். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவிய அவ்வாண்டின் மே மாதத்திலேதான் ஈரோட்டில் பெரியார் ஈ.வெ.ராமசாமி ‘குடி அரசு’ இதழைத் தோற்றுவித்தார். இருவரும் அப்போது நெருங்கிய சிநேகிதர்கள். சேலம் நகரசபைக்கு அவரும் ஈரோட்டு நகரசபைக்கு இவரும் தலைமை வகித்த நாள் முதற்கொண்ட பழக்கம் அது.

கடவுள் உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வாசல் இருக்கிறது. தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்று 1927ஆம் ஆண்டு லண்டனில் பிரசங்கம் செய்த பெர்ட்ரண்டு ரஸ்ஸல், உலகுக்கு ஆதிகாரணம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது முதலிய பழைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்து, எதுவும் தேறவில்லை என்று ஒதுக்கினார். அது தர்க்க சாஸ்திரியின் வாசல். மூன்றாண்டு கழித்து லாகூர்ச் சிறையில், தூக்குமேடை காத்திருக்க, ‘நான் ஏன் நாத்திகன்?’ என்று எழுதிய பகத் சிங்குக்கோ வேறொரு நிர்ப்பந்தம் இருந்தது. அவருடைய அவநம்பிக்கை அகம்பாவத்தால் விளைந்தது என்று சிலர் பழித்தார்கள். அதற்கு விடையாகத் தம் மனத்தின் வரலாற்றையே விரித்த அவர், சர்வவல்லமையும் கருணையும் உடைய ஒருவன் படைத்த உலகில் இத்தனை துன்பம் ஏன் என்று கேட்டார். ஜீவானந்தம் அதைத் தமிழாக்க, ஈரோட்டிலிருந்து அது புத்தகமாக வெளிவர, சர்க்கார் அதன்மேல் வழக்கும் தொடுத்தது.

ஈரோட்டு நாஸ்திகம் இவ்விரண்டு வாசல்களில் எதன் வழியாகவும் வந்ததன்று. அது கோயில் வாசலில் பிறந்தது. 1904ஆம் ஆண்டில் வீட்டைத் துறந்து காசிக்குப் போன இளைஞர் ராமசாமி, அங்கே அன்னசத்திரத்தில் பிராமணர்க்கு மாத்திரமே சோறு என்று வெளியே தள்ளப்பட்டுப் பசி பொறாமல் எச்சில் இலையில் கையிட நேர்ந்ததாக அவர் வரலாறு கூறும். அச்சத்திரத்தைக் கட்டியவரோ பிராமணரல்லாத தென்னாட்டு வணிகராம்! அன்றே அவர் கடவுளை மறுத்துவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஊருக்குத் திரும்பி வியாபாரத்தைப் பெருக்கியதோடு, ஈரோட்டுத் தேவஸ்தானக் கமிட்டியில் பொறுப்பேற்றுக் கோயில் நிர்வாகத்தையும் செம்மையாக நடத்தினார். 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதியில் நடக்கவும் ஒரு சாராருக்கு உரிமையில்லை என்ற கொடுமையை எதிர்த்துச் சிறை சென்றார். நாயும் நடக்கும் தெருவில் மனிதன் நடக்கலாகாது என்பதற்குச் சாஸ்திரம் சாட்சி, சாஸ்திரத்துக்குக் கடவுள் சாட்சி என்று சொல்லப்பட்டபோது, அவர் மற்றச் சாட்சிகளை விட்டுக் கடைசிச் சாட்சியையே கூண்டில் ஏற்றினார் என்று நான் கருதுகிறேன்.

அதே கதவை உட்புறமிருந்து திறக்க முயன்றவர் ராஜாஜி. தெய்வத்தை நம்பியவர், இராமன் கதையைப் பிற்காலத்தில் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்று ஊரெல்லாம் படிக்க எழுதியவர். ஆயினும் 1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் அரிஜனங்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவர்களுக்குத் தண்டனை நேராமல் காக்கச் சட்டம் செய்தது ராஜாஜி மந்திரிசபைதான். அதே மந்திரிசபைதான் அதற்குச் சில மாதங்களுக்கு முன் கட்டாய இந்தியை எதிர்த்த பெரியாரைச் சிறையில் அடைத்திருந்தது என்பது வேறு விஷயம். அத்தனை பகைக்குப் பின்னும் சிநேகம் முறியவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவரான பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து, அடக்கமாட்டாமல் அழுதார்.

எல்லாம் இவ்வாறு பெருந்தன்மையாகவே நடந்தது என்று சொல்லவும் இயலாது. 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் இராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டது. எதிர்ப்பாளர் வீசிய செருப்பே காரணம் என்பர் திராவிடர் கழகத்தார். எப்படியாயினும், பிறர் நெஞ்சில் வைத்துப் பூசிக்கும் உருவைத் தெருவில் அடிப்பது வாதமாகாது என்பதே என் அபிப்பிராயம். ராஜாஜியும் காமராஜரும் ஓரணியில் நின்ற அவ்வாண்டுச் சட்டசபைத் தேர்தலில் இது பெரும் பிரசாரமாயிற்று. மார்ச்சில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, பெரியார் ஆதரித்த தி.மு.க. 234 இடங்களில் 184 இடங்களை வென்றிருந்தது. திருநீறு பூசிய நெற்றிகள் பல்லாயிரம் உதயசூரியனில் முத்திரை குத்தாமல் இது நடந்திருக்குமா? சாமி கும்பிடுகிறவன் எல்லாவற்றுக்கும் சாமியிடமே யோசனை கேட்கிறான் என்று நினைப்பது, கும்பிடாதவர் செய்யும் தவறு.

இதற்கு மாறான தவறும் உண்டு. கறுப்புச் சட்டைக்காரர் பெரியார் சிலைக்கு மாலையிடுவதைக் கண்டு, இதுவும் பூசைதானே என்று நகைப்பவர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாலையிட்டவர் சிலையிடம் மழை கேட்கவில்லையே!

சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். புது வண்டி முதல் நடை புறப்படுமுன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி அனுப்புவது இங்கே தவறாத வழக்கம். எனக்குத் தெரிந்த உரிமையாளர் ஒருவர், கறுப்புச் சட்டையைத் தவிர வேறொன்றை உடுத்தி நான் பார்த்ததில்லை. அவருடைய வண்டியின் முன்னும் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கின. “என்னங்க, உங்க வண்டியிலேயே இது?” என்றேன்.

“எனக்கு நம்பிக்கை இல்லீங்க. ஆனா ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு மலைப்பாதையில ஓட்டறவன் அவன். பழத்தை அத்துப் போட்டா அவன் மனசு கெட்டுப்போகுங்க. என் கொள்கைய அவன் ஸ்டீயரிங்குல கொண்டுபோயிக் கட்டலாமுங்களா?”

அரசியல் சாசனத்தின் 25ஆம் ஷரத்து ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் அளிக்கிறது. நம்புவதற்கும் நம்பாமைக்கும் அது ஒன்றேபோல் பொருந்தும். ஆனால் காகிதத்தில் அது ஏறுவது எளிதன்று. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, தமக்குச் சாதியும் மதமும் இல்லை என்று தாசில்தாரிடம் சான்றிதழ் பெற்ற 2019ஆம் ஆண்டுவரை, நெடுங்காலம் விண்ணப்பித்து அலைய வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தம்மை நாத்திகர் என்று பதிந்துகொண்டவர் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 33 ஆயிரம் பேரே. பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் சுமார் 1,300 பேர்தாம். இத்தனை குறைவா என்று அந்த லாரி உரிமையாளரிடம் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். கணக்கெடுக்க வந்த ஆசிரியை கதவைத் தட்டிய அன்று அவர் லோடு விஷயமாக வெளியூர் போயிருந்தாராம். வாசலில் நின்று விவரம் சொன்ன மனைவி, வீட்டில் எல்லாரையும் இந்து என்று எழுதச் சொல்லி, வந்தவருக்கு மோரும் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.