விக்கா என்றால் என்ன? பில்லி சூனியமா, மதமா? புதுசா தெரிஞ்சுக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு முழு விளக்கம்!

ரீல்ஸ் பார்த்துக்கொண்டே போகிறீர்கள். கறுப்பு உடையில் ஒரு இளம்பெண். மேசை மேல் மெழுகுவர்த்தி, காய்ந்த மூலிகைகள், ஐந்து முனை நட்சத்திரம். 'நான் ஒரு விக்கன்' என்கிறார். கமெண்ட்டில் ஒருவர், 'இது சாத்தான் வழிபாடு' என்கிறார். இன்னொருவர், 'பல்லாயிரம் ஆண்டு பழமையான மதம்' என்கிறார். மூன்றாவது ஆள், 'எனக்கும் கத்துக்கொடுங்க' என்று கேட்கிறார்.

முதல் இரண்டு பேர் சொன்னதும் தவறு. மூன்றாவது ஆளுக்குத்தான் இந்தக் கட்டுரை. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விக்கா என்றால் என்ன?

விக்கா என்பது 20-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான ஒரு மதம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளிலிருந்து உத்வேகம் பெற்று உருவான புதிய மதங்களை 'பேகன்' மதங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தில் உலக அளவில் அதிகம் அறியப்பட்டது விக்காதான்.

'விக்கா' என்பது பழைய ஆங்கிலச் சொல். மந்திரம் செய்யும் ஆண் என்று பொருள். பெண்ணுக்கான சொல்லிலிருந்தும் இதிலிருந்தும் வந்ததுதான் இன்றைய 'விட்ச்'. தமிழில் இதை 'சூனியக்காரி' என்று மொழிபெயர்க்கும்போதுதான் குழப்பமே தொடங்குகிறது.

யார் தொடங்கியது? இலங்கை தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்!

விக்காவை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் அருகே பிறந்தார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பதின்பருவத்திலேயே இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு போர்னியோ, மலாயா என்று ரப்பர் தோட்டங்களில் பணி. கடைசியில் மலாயாவில் சுங்க அதிகாரி. மலாய் மக்களின் 'கிரிஸ்' என்ற குத்துவாள் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சென்ற இடமெல்லாம் உள்ளூர் சடங்குகள், நம்பிக்கைகளைக் கவனிப்பது அவர் வழக்கம்.

1936-ல் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். 1939-ல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ரகசியமாக இயங்கிய ஒரு குழு தனக்கு தீட்சை கொடுத்தது என்று பின்னாளில் சொன்னார். அந்தக் குழு எவ்வளவு பழையது என்பதில் இன்றும் வாதம் இருக்கிறது.

அப்போது இங்கிலாந்தில் 1735-ம் ஆண்டின் சூனியச் சட்டம் அமலில் இருந்தது. 1951-ல் அது நீக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1954-ல், 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தை கார்ட்னர் வெளியிட்டார். ரகசியமாக இருந்த விஷயம் பொதுவெளிக்கு வந்தது அப்போதுதான்.

இன்னொரு முக்கியமான பெயர் டோரீன் வேலியன்ட்டி. 1953-ல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றார். கார்ட்னரின் சடங்கு நூலில் பல பகுதிகள் வேறு புத்தகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைக் கண்டுபிடித்து, அவரிடமே கேட்டவர் இவர். பிறகு அவற்றை நீக்கி, பலவற்றைத் தானே புதிதாக எழுதினார். இன்று விக்கன்கள் சடங்குகளில் சொல்லும் வரிகளில் பல இவருடையவை.

அப்போ இது பழமையான மதம் இல்லையா?

இல்லை. எகிப்து ஆய்வாளரான மார்கரெட் மர்ரி 1921-ல் எழுதிய ஒரு புத்தகம்தான் இந்த நம்பிக்கைக்கு அடித்தளம். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள், உண்மையில் ஒரு பழைய ரகசிய மதத்தைப் பின்பற்றியவர்கள் என்பது அவர் வாதம். கார்ட்னரின் 1954 புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவரும் அவரே.

ஆனா வரலாற்றாய்வாளர்கள் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அப்படி ஒரு மதம் தொடர்ந்து இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1999-ல் ரொனால்ட் ஹட்டன் எழுதிய 'தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்' இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்த நூல்.

பழசு இல்லை என்றால் பொய் மதமா? அப்படியும் இல்லை. எல்லா மதத்துக்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. விக்காவின் தொடக்கம் நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். விக்கன்களிலேயே பலர் இன்று இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

என்ன நம்புகிறார்கள்?

விக்காவுக்குத் தலைமைப் பீடம் கிடையாது. பைபிள், குர்ஆன் போல எல்லோருக்கும் பொதுவான ஒரு புனித நூலும் கிடையாது. ஆனாலும் சில விஷயங்கள் பெரும்பாலானவர்களுக்குப் பொது:

- ஒரு பெண் தெய்வம், ஒரு ஆண் தெய்வம். பெண் தெய்வத்தை நிலவோடு சேர்த்து இளம்பெண், தாய், மூதாட்டி என மூன்று வடிவங்களில் பார்ப்பார்கள். ஆண் தெய்வத்துக்குக் கொம்பு உண்டு. அது காட்டு விலங்குகளின் அடையாளம்.
- இயற்கையே புனிதம். நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றோடு ஐந்தாவதாக ஆன்மா. நம்ம ஐம்பூதம் மாதிரிதான் தெரியும்; ஐந்தாவதை சிலர் 'ஆகாசா' என்றும் சொல்வதுண்டு.
- யாருக்கும் தீங்கு செய்யாதவரை விருப்பம்போல் வாழலாம் என்பது அடிப்படை நெறி.
- செய்தது மும்மடங்காகத் திரும்பி வரும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லோரும் அல்ல.

வட்டத்துக்குள் இருக்கும் ஐந்து முனை நட்சத்திரம் அந்த ஐந்தையும் குறிக்கிறது. சடங்கில் 'அத்தாமே' என்ற கத்தியும் இருக்கும். பயப்பட வேண்டாம். அதைக் கொண்டு பொதுவாக எதையும் வெட்டுவதில்லை. சடங்குக்கான வட்டத்தைக் காற்றில் வரையத்தான் அது.

எட்டு பண்டிகைகள்

விக்கன்களின் ஆண்டு ஒரு சக்கரம். அதில் எட்டு பண்டிகைகள்:

- சௌவின்: அக்டோபர் 31. இறந்தவர்களை நினைக்கும் நாள். ஹாலோவீனும் இதே நாளில்தான்.
- யூல்: டிசம்பர் 21 வாக்கில். ஆண்டின் நீண்ட இரவு.
- இம்போல்க்: பிப்ரவரி 1 அல்லது 2.
- ஓஸ்டாரா: மார்ச் 21 வாக்கில். பகலும் இரவும் சமம்.
- பெல்டேன்: மே 1.
- லித்தா: ஜூன் 21 வாக்கில். நீண்ட பகல்.
- லூனசா: ஆகஸ்ட் 1. அறுவடை தொடக்கம்.
- மேபன்: செப்டம்பர் 21 முதல் 23-க்குள்.

இது ஐரோப்பாவின் பருவகாலக் கணக்கு. பருவம் தலைகீழாக வரும் ஆஸ்திரேலியாவில் பலர் தேதிகளையும் ஆறு மாதம் மாற்றிக் கொண்டாடுகிறார்கள். இவை தவிர, பௌர்ணமி இரவுகளிலும் கூடுவது வழக்கம்.

சாத்தான் வழிபாடா?

இல்லை. சாத்தான் என்பது கிறிஸ்தவ மரபில் வரும் பாத்திரம். விக்கன்கள் அப்படி ஒருவரை நம்புவதே இல்லை. அமெரிக்காவில் 1966-ல் ஆன்டன் லவே தொடங்கிய 'சர்ச் ஆஃப் சாத்தான்' முற்றிலும் வேறு அமைப்பு.

குழப்பத்துக்கு சினிமா, சீரிஸ்களும் ஒரு காரணம். 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சில்லிங் அட்வென்சர்ஸ் ஆஃப் சப்ரினா'வில் விட்ச்கள் சாத்தானை வணங்குவார்கள். அது கதை. விக்கா அது இல்லை.

சரி, மந்திரம் பலிக்குமா?

விக்கன்கள் மந்திரம் செய்கிறார்கள் என்பது உண்மை. மெழுகுவர்த்தி ஏற்றி, மனதை ஒருமுகப்படுத்தி, நடக்க வேண்டியதை மனக்கண்ணில் பார்ப்பது அதில் முக்கியமான பகுதி. பிரார்த்தனை மாதிரி என்று சிலர் விளக்குவார்கள். அடுத்தவரைக் கெடுக்கும் 'ஏவல்' அவர்களின் நெறிக்கே எதிரானது.

மந்திரத்தால் நோய் குணமாகும், வேலை கிடைக்கும் என்பதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் இல்லை. மனசுக்கு நிம்மதி கிடைக்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சட்டப்படி மதமா?

அமெரிக்காவில் 1986-ல் ஒரு சிறைக்கைதியின் வழக்கில், விக்கா ஒரு மதம்தான் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவர் கேட்ட சடங்குப் பொருட்களைப் பாதுகாப்புக் காரணத்துக்காகச் சிறை மறுக்கலாம் என்றும் சொன்னது. 2007-ல், மறைந்த ராணுவத்தினரின் கல்லறைக் கற்களில் பொறிக்க அனுமதிக்கப்பட்ட சின்னங்களில் விக்கன்களின் நட்சத்திரமும் சேர்ந்தது. ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த ஒரு வீரரின் மனைவி உட்படப் பலர் நடத்திய போராட்டத்தின் பலன் அது.

இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 13,000 பேர் தங்கள் மதம் 'விக்கா' என்றும், சுமார் 74,000 பேர் 'பேகன்' என்றும் பதிவு செய்தார்கள்.

ஒரே சொல்... இரண்டு உலகம்

இங்கேதான் நாம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லண்டனில் ஒரு பெண் 'நான் விட்ச்' என்று சொன்னால், அது அவர் தேர்ந்தெடுத்த அடையாளம். ஜார்கண்ட் கிராமத்தில் ஒரு விதவையை ஊரார் 'சூனியக்காரி' என்றால், அது அவர் உயிருக்கே ஆபத்து.

நிலத் தகராறு, குழந்தைக்குக் காய்ச்சல், மாடு செத்தது என்று ஏதாவது ஒரு காரணம் போதும், பழி ஒரு பெண் மேல் விழுகிறது. அதனால்தான் பீகார் 1999-லும், ஜார்கண்ட் 2001-லும், அசாம் உள்ளிட்ட மாநிலங்கள் அதன் பிறகும் தனிச் சட்டம் கொண்டுவந்தன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், கொலைக்கான காரணங்களில் சூனியத்தைத் தனியாகவே பதிவு செய்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே 15 முதல் 18-ம் நூற்றாண்டு வரை சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அமெரிக்காவின் சேலத்தில் 1692-ல் தொடங்கிய விசாரணையில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் யாரும் விக்கன்கள் இல்லை. பழி சுமத்தப்பட்ட சாதாரண மக்கள்.

எனவே விக்காவைப் பற்றிப் பேசும்போது 'விக்கா', 'விக்கன்' என்றே சொல்லுங்கள். 'சூனியக்காரி' என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் மேல் போடாதீர்கள்.

தெரிஞ்சுக்க எங்கே ஆரம்பிப்பது?

முதல் படி வாசிப்பு. வரலாற்றுக்கு, மேலே சொன்ன ஹட்டனின் நூல். இன்று பேகன் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு, பத்திரிகையாளர் மார்கோ ஆட்லர் 1979-ல் எழுதிய 'ட்ராயிங் டவுன் தி மூன்'. தனியாகப் பின்பற்ற விரும்புகிறவர்களுக்கு, ஸ்காட் கன்னிங்ஹாம் 1988-ல் எழுதிய அறிமுக நூல்.

தனியாகச் செய்யலாமா என்பதில் விக்கன்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 'கவன்' என்ற சிறு குழுவில் தீட்சை பெற்றால்தான் விக்கன் என்று கார்ட்னர் மரபினர் சொல்வார்கள். தேவையில்லை என்பது கன்னிங்ஹாம் வழி. குழுவில் சேர்வதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் படிக்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். அவசரப்படுத்தாத வழக்கம் அது.

இரண்டாவது படி, ஒரு நோட்டு. நிலவு எப்படி மாறுகிறது, எதைப் படித்தீர்கள், எது புரியவில்லை என்று எழுதி வையுங்கள். விக்கன்கள் தங்கள் சடங்குக் குறிப்பேட்டை 'புக் ஆஃப் ஷேடோஸ்' என்பார்கள். படிகக்கல், விலையுயர்ந்த கத்தி எதுவும் முதல் நாளே தேவையில்லை.

இதெல்லாம் நடந்தால் உஷார்!

- 'உங்க மேல சாபம் இருக்கு, பணம் அனுப்பினா எடுத்துடுறேன்' என்று மெசேஜ் வந்தால், அது மோசடி. பிளாக் பண்ணுங்க. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.
- 'பல தலைமுறையாக வந்த ரகசியம் என்னிடம் மட்டும்தான் இருக்கு' என்பவரிடம் கேள்வி கேளுங்கள். கேள்விக்குக் கோபம் வந்தால் விலகுங்கள்.
- சில பழைய மரபுகளில் ஆடையின்றிச் சடங்கு செய்யும் வழக்கம் உண்டு. அது வயது வந்தவர்கள் விருப்பத்தோடு செய்வது. அதைச் சொல்லி யாராவது புகைப்படம் கேட்டாலோ, கட்டாயப்படுத்தினாலோ, அது மதம் அல்ல, குற்றம்.
- 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பொறுப்புள்ள குழுக்கள் பெற்றோர் அனுமதியின்றிச் சேர்ப்பதில்லை. 'வீட்டுக்குத் தெரிய வேண்டாம்' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

தெரிந்துகொள்வது வேறு, பின்பற்றுவது வேறு. விக்காவைப் பற்றிப் படிப்பதால் நீங்கள் விக்கன் ஆகிவிடப் போவதில்லை. ஆனா அடுத்த முறை அந்த ரீல்ஸ் கண்ணில் பட்டால், கமெண்ட்டில் யார் சொல்வது சரி என்று உங்களுக்கே தெரியும்.