ஆம்பூர்ச் சாணையும் பழைய புல்வெட்டியும்

புல் வெட்டும் யந்திரத்துக்கும் தோல் சீவும் யந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மாட்டைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை என்றுதான் யாரும் பதில் சொல்வார்கள். மாடு புல்லைத் தின்கிறது; மாட்டின் தோலை நாம் காலில் மாட்டிக்கொள்கிறோம். ஆனால் இவ்விரண்டு யந்திரங்களும் மாட்டின் தயவு இல்லாமலே உறவு கொண்டாடத் தக்கவை. ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றே சொல்லலாம். இந்த உறவு தெரியாத காரணத்தினால்தான், செப்பனிட்டால் இன்னும் பல வருஷங்கள் உழைக்கக்கூடிய புல்வெட்டிகள் நமது பாலாற்றங்கரை ஊர்களில் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறுகின்றன.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் அத்தகைய யந்திரம் ஒன்று கிடந்தது. சிறிய தோட்ட டிராக்டரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டிய இணைப்பு அது. முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று வெட்டும் உருளைகள். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் இரும்புச் சக்கரம். பெயர்த் தகட்டில் இங்கிலாந்திலுள்ள 'இப்ஸ்விச்' என்ற ஊர்ப் பெயர் மட்டுமே படிக்கும்படி இருந்தது. மற்ற எழுத்துக்களைத் துரு தின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டி இழுப்பதற்காகப் பள்ளியில் ஒரு குட்டி டிராக்டர் இருக்கிறது. ஆகவே, வண்டிக்குக் குறைவில்லை, வெட்டிதான் வெட்டாது.

இதை எடைக்குப் போட்டுவிட்டு, மைதானத்துக்குக் களைக்கொல்லி அடித்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. தோளில் மாட்டிக்கொண்டு நைலான் கயிற்றைச் சுழற்றி வெட்டும் யந்திரத்தை வாடகைக்கு அமர்த்தலாம் என்பது மற்றொரு யோசனை. முதல் யோசனைக்கு நான் சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் செருப்பில்லாமல் பந்தாடும் தரையில் விஷம் தெளிப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. இரண்டாவதைச் சென்ற வருஷமே பரீட்சித்துப் பார்த்தாயிற்று. புல்லோடு கிடந்த சிறு கல் ஒன்று துப்பாக்கிக் குண்டு போலத் தெறித்து ஐந்தாம் வகுப்பு ஜன்னலை நொறுக்கிற்று. அன்று விடுமுறை நாள். வேலை நாளாக இருந்திருந்தால் அந்த ஜன்னலருகே எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியும்.

உருளைப் புல்வெட்டி அப்படிக் கல்லைத் துப்பாது. அதன் வேலை முறையே வேறு. அதைச் சொல்வதற்கு முன், அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

இங்கிலாந்தில் குளாஸ்டர்ஷையர் பிரதேசத்தில் ஸ்ட்ரௌட் என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. கம்பளித் துணி நெசவுக்கு அது பேர் போனது. முக்கியமாக, சிப்பாய்களின் அங்கிகளுக்கான சிவப்புத் துணி. நெய்த கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தை வழவழப்பாகக் கத்தரிப்பதற்கு அங்கே ஒரு யந்திரம் உபயோகத்தில் இருந்தது. ஓர் உருளையின் மேல் கத்திகள் சுருளாகச் சுற்றியிருக்கும். அடியில் அசையாத கத்தி ஒன்று படுத்திருக்கும். உருளை சுழலும்போது இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட ரோமம் கத்தரிக்கோலில் அகப்பட்டது போல் அறும். எட்வின் பட்டிங் என்ற கைவினைஞர் இதைக் கண்டார். ரோமத்தைக் கத்தரிப்பது புல்லைக் கத்தரிக்காதா என்று அவருக்குத் தோன்றியது. 1830ஆம் வருஷம் ஆகஸ்டு 31ஆம் தேதி அவருக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. கிராமத்துக் கனவான்கள் தாங்களே இதைத் தள்ளிப் பார்த்தால் பொழுதுபோக்காகவும் தேகாரோக்கியமாகவும் இருக்கும் என்று அவர் அந்தப் பத்திரத்திலேயே ஆசை காட்டியிருக்கிறார். அக்காலத்துப் புல்வெட்டியின் கனத்தைப் பார்த்தால், கனவான்கள் அதைத் தோட்டக்காரனிடமே விட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது! இரண்டு வருஷத்துக்குள், 1832இல், இப்ஸ்விச்சிலிருந்த ரான்ஸம்ஸ் கம்பெனி அதைச் செய்வதற்கு அனுமதி பெற்றது. திருகாணியால் வாயின் அகலத்தை மாற்றும் ஸ்பேனரைக் கண்டுபிடித்த புகழும் இதே பட்டிங்கைச் சேர்ந்ததுதான். அவருடைய யந்திரத்தைக் கழற்ற அவருடைய சாவியே உதவுகிறது!

பிறகு குதிரை இழுக்கும் பெரிய வெட்டிகள் வந்தன. 1842இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் என்பவர் மட்டக் குதிரை பூட்டும் வெட்டியைச் செய்தார். குதிரையின் லாடம் பசுந்தரையில் குழி பறிக்காமலிருக்க, அதன் நான்கு குளம்புக்கும் தோல் சப்பாத்து மாட்டுவது வழக்கமாயிற்று. நமது நாட்டில் குதிரைக்குப் பதிலாகக் காளைகளைப் பூட்டினார்கள். ஆக்ராவில் தாஜ்மகால் தோட்டத்தில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்கூடக் காளை இழுக்கும் வெட்டிகள் ஓடின. புல்தரை நோகாதபடி குதிரைக்குச் சப்பாத்துத் தைத்துக் கொடுத்த அந்த ராஜாங்கம், மனிதர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டதா என்றால், அதற்கு வேலூர்க் கோட்டை பதில் சொல்லும். 1806இல் சிப்பாய்களின் தலையில் தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைத் திணித்தார்கள். தாடிக்கும் நெற்றிக் குறிக்கும் தடை போட்டார்கள். ஜூலை 10ஆம் தேதி அதிகாலையில் என்ன நடந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

இனித் தோலுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலை அரைப்பதமாகவே கப்பலேற்றினார்கள். 1970களில் மத்திய சர்க்கார் அதற்குக் கட்டுப்பாடு விதித்து, முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் ஆதரவு கொடுத்தது. முழுப்பதத்துக்குத் தோலின் கனம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சப்பாத்தின் மேல்தோல் என்றால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. கையால் சீவி இதைச் சாதிப்பது மகா கஷ்டம். ஆகையால் 'ஷேவிங் மிஷின்' வந்தது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? சுருள் கத்திகள் சுற்றிய உருளை!

ஒரு பேதம் உண்டு. புல்வெட்டிக்கு அடிக்கத்தி வேண்டும். ஷேவிங் யந்திரத்திலோ, மற்றோர் உருளை தோலைக் கத்திகளின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. கத்திகள் இழைப்புளி போலச் சீவித் தள்ளுகின்றன. புல்வெட்டியின் சுருள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடும். தோல் யந்திரத்தின் சுருள் நடுவிலிருந்து இடமும் வலமுமாகப் பிரியும். தோல் சுருக்கம் விழாமல் இரு பக்கமும் விரிவதற்கு அந்த ஏற்பாடு. ஆனால் கத்திகளைச் சுருளாக வைக்கும் தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. நேர் கத்தியானால் அதன் முழு நீளமும் ஒரே சமயத்தில் மோதி யந்திரத்தைக் குலுக்கும். சுருள் கத்தியோ ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனை வரையில் வழுக்கிக்கொண்டே வெட்டும்.

யந்திரம் விற்கும் ஏஜெண்டு ஒருவரைக் கேட்டதற்கு, "பார்ட் கிடைக்காது சார், புதுசு வாங்கிடுங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதன் பிறகுதான், டேனரி உருளைகளுக்குச் சாணை பிடித்தும், தேய்ந்த கத்திகளைப் பிடுங்கிப் புதுக் கத்திகளைச் செப்புப் பட்டையால் அடித்து இறுக்கியும் ஜீவனம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் உருளையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"வாத்தியார் சார், இது நம்ம ஷேவிங் உருளைக்குத் தம்பி. ஆனா ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசா தேய்ஞ்சு கிடக்குது. இத எவ்வளவு திருகினாலும் வெட்டாது."

"அப்படியானால் உருளையையே மாற்ற வேண்டுமா, பாய்?"

"எதுக்கு சார் மாத்தணும்? உருளை உருளையாவே ஆகணும், அவ்வளவுதான்."

அவர் சொன்னது க்ஷேத்திர கணிதம். யாரோ பல காலம் ஒரு பக்கத்துத் திருகை மட்டுமே இறுக்கி ஓட்டியதில், உருளை கூம்பாகிவிட்டது. கூம்பின் விளிம்பும் நேரான அடிக்கத்தியும் முழு நீளத்துக்கு ஒருபோதும் பொருந்தா.

ஆனால் சாணைக்குப் போவதற்கு முன் கழற்ற வேண்டுமே! இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் அதுதான். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். சட்டம் வார்ப்பிரும்பு, சுத்தியலுக்கு அது வளைந்து கொடுக்காது, உடைந்துதான் போகும். ஒரு காது முன்பே விரிசல் விட்டிருந்தது. அதை மெள்ள மெள்ளச் சூடேற்றிப் பித்தளைப் பற்று வைத்தார்கள். வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் காணும்.

துருவை எடுப்பதற்கு ரசாயன வகுப்புப் பிள்ளைகள் ஒத்தாசை செய்தார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசல். பாட்டரி சார்ஜரின் எதிர் முனையில் துருப்பிடித்த பாகம். நேர் முனையில் வேண்டாத இரும்புத் தகடு. மின்சாரம் ஓடத் துரு கருகி உதிர்கிறது. ஹைட்ரஜன் வாயு கிளம்புமாகையால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வில் கம்பிகளை அதில் போடலாகாது; அந்த வாயு எஃகுக்குள் புகுந்து கம்பியை நொறுங்கச் செய்துவிடும். மற்றொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். துருப் பிடிக்காதே என்று நேர் முனையில் ஸ்டெயின்லெஸ் தகட்டை வைக்கக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் கரைந்து, ஆறு இணைதிறன் கொண்ட விஷமாகத் தண்ணீரில் சேரும். பாலாற்றங்கரைக்காரர்களுக்குக் குரோமியத்தைப் பற்றி நான் உபந்நியாசம் செய்ய வேண்டியதில்லை. டேனரிக் கழிவைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி வழங்கிய தீர்ப்பும், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவுக் குவியலும் போதும். பதனிடுவதற்குப் போடும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, வேறு வகை. இருந்தாலும் பள்ளித் தொட்டியில் எந்த வகையும் நமக்கு வேண்டாம்.

சாணை பிடித்த விதத்தை நாள் முழுவதும் நின்று பார்த்தேன். உருளையை அதன் சொந்தப் பேரிங்குகளின் மேலேயே சுழலவிட்டு, சுழலும் கல்லை அதன் நீளத்துக்கு இப்படியும் அப்படியுமாக நகர்த்தினார். தோல் யந்திரத்திலும் இதே முறைதான். அதில் சாணைக்கல் யந்திரத்தோடேயே பொருத்தியிருக்கிறது. முதலில் பருத்த பக்கத்தில் மட்டும் பொறி பறந்தது. நேரம் போகப் போகப் பொறி நடுவுக்கு நகர்ந்து, சாயங்காலத்தில் முழு நீளத்துக்கும் ஒரே சீராகப் பறந்தது. கல் உடனே நின்றது. ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்க்கவில்லை. டேனரிகளில் இப்போது தாமாகவே சாணை பிடித்துக்கொள்ளும் நூதன யந்திரங்கள் பெருகிவிட்டன. தம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று பெரியவர் வருத்தமின்றியே சொன்னார். எனக்குத்தான் கேட்க வருத்தமாயிருந்தது.

அடிக்கத்தி திருகாணித் தலை வரையில் தேய்ந்திருந்தபடியால், லாரி வில் பட்டையில் புதிதாக ஒன்று செய்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றினார்கள். இரண்டையும் மாட்டிய பின், எமரிப் பொடியைச் சோப்பு நீரில் குழைத்துக் கத்திகளில் தடவி, உருளையைத் தலைகீழாகச் சுழற்ற வேண்டும். சக்கரத்தை எதிர்த் திசையில் உருட்டினால் உருளை திரும்பாது. உள்ளிருக்கும் பற்கொக்கி வழுக்கிவிடும். ஆகவே, உருளையின் அச்சு முனையில் ஒரு கைப்பிடியை மாட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். இரு பக்கத் திருகையும் மாறி மாறிக் கால் சுற்றுக்கும் குறைவாகவே இறுக்க வேண்டும். பிறகு கழுவிவிட்டுப் பரீட்சை. பத்திரிகைத் தாள் நறுக்கு ஒன்றை அடிக்கத்தியின் மேல் நீட்டி, உருளையை நிதானமாகத் திருப்பினால், இந்த முனை முதல் அந்த முனை வரையில் எங்கு வைத்தாலும் தாள் கத்தரித்ததுபோல் அற வேண்டும். மடிந்தால் இடைவெளி அதிகம். உருளை கரகரவென்று உரசித் திணறினால் இறுக்கம் அதிகம். அப்படி ஓட்டினால் பிடித்த சாணை ஒரு வாரம் தாங்காது.

இதில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அழகான கணக்கும் இருக்கிறது. சக்கரத்தின் குறுக்களவு 10 அங்குலம். ஆகவே, ஒரு சுற்றுக்கு யந்திரம் சுமார் 31.4 அங்குலம் நகரும். அதற்குள் பல்சக்கரங்கள் உருளையை 6 முறை சுற்றுகின்றன. உருளையில் 5 கத்திகள். ஆக 30 வெட்டு. வெட்டுக்கு வெட்டு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான தூரம். புல்லை எந்த உயரத்தில் நிறுத்துகிறோமோ ஏறக்குறைய அந்த தூரத்துக்கு ஒரு வெட்டு விழ வேண்டும் என்பது இத்தொழிலில் பொது விதி. எனவே, இந்த யந்திரத்தை ஓர் அங்குல உயரத்துக்கு வைப்பதே உத்தமம். அரை அங்குலத்துக்கு இறக்கினால் மைதானத்தில் அலை அலையாக வரி தெரியும். டிராக்டரை வேகமாக ஓட்டி வரியைப் போக்கலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். போக்க முடியாது. சக்கரம் வேகமாக ஓடினால் உருளையும் அதே வீதத்தில் வேகமாகும். வெட்டின் இடைவெளி மாறாது. வேகம் மிஞ்சினால் வெட்டி துள்ளும்; அவ்வளவே பலன். ஆள் நடக்கும் வேகமே இதற்குப் போதும்.

ஆற்றில் தண்ணீர் காணாத ஊரில் புல்தரை ஓர் ஆடம்பரம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சீமைப் புல்லைக் கொண்டுவந்து நட்டுக் குழாயில் நீர் பாய்ச்சினால் ஆடம்பரந்தான். எங்கள் மைதானத்தில் இருப்பது அருகு. உலகெங்கும் பந்தாட்ட மைதானங்களுக்குத் தேடிப்போய் நடும் புல் அது. இங்கே பிள்ளையாருக்குச் சாற்றுகிறோம். மழை பெய்தால் தழைக்கும். பெய்யாவிட்டால் வேரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் கேட்பதில்லை. அடிக்கடி வெட்டினால் மேலே நீளாமல் பக்கவாட்டில் படர்ந்து மண்ணை மூடிக்கொள்ளும்.

மூன்று உருளைகளில் இப்போது இரண்டு ஓடுகின்றன. மூன்றாவதன் பின்னாலிருந்த மர உருளை கரையான் அரித்துப் போனபடியால், வேப்பங்கட்டையில் ஒன்று கடைசல் பட்டறையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. வெட்டுவதற்கு முன் மாணவர்கள் வரிசையாக நடந்து கல் பொறுக்குகிறார்கள். இந்த யந்திரத்தில் கல் தெறிக்காது என்றாலும், அகப்பட்டால் கத்தியின் வாயில் பல் விழும். வெட்டிய புல்லைச் சாக்கில் கட்டி, பள்ளிக்கு எதிரே பசு வைத்திருக்கும் அம்மாள் எடுத்துக்கொண்டு போகிறாள்.